மழையில் நழுவும் பட்டை

தோட்டங்களில் அவிழ்ந்து திரிந்த நாய்கள் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்துவிட்டன. ஈரமும் இடியும் நிறைந்த கெடா மாநிலத்தில் அவற்றைக் காப்பது எது?

நனைந்த நாயின் கழுத்து காய்ந்த நாயின் கழுத்தைவிடச் சிறியது. ரோமம் தோலோடு ஒட்டிப்போனதும், காலையில் கச்சிதமாக இருந்த பட்டை மாலை மழையில் தொளதொளத்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஜெராய் மலைப் பக்கம் ஓர் இடி இடித்தால் போதும். நாய் தலையைத் தாழ்த்தும், காதுகளைப் பின்னால் ஒட்ட மடிக்கும், நாலு எட்டு பின்வாங்கி ஓர் உதறு உதறும். பட்டையும் சங்கிலியும் உங்கள் கையில் இருக்கும். நாய் மெயின் ரோட்டில் இருக்கும்.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், பாலிங் என்று எங்கே கேட்டாலும் நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தக் கதை உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரையிலும் இங்கே பிற்பகல் என்றாலே இடிமழைதான். அந்த மழைக் காலத்தின் நடுவில்தான் தீபாவளி வெடியும் வருகிறது. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில், ஹொக்கியன் மக்கள் வான் தெய்வத்தை வணங்கும்போது வெடிக்கும் சரவெடி இன்னொரு கண்டம். ஓடிப்போகும் பழக்கமுள்ள நாய்க்கு இந்த மாநிலத்தில் கழுத்துப்பட்டை வாங்குவது நிறம் பார்த்து எடுக்கும் வேலை அல்ல. ஏன் என்று விளங்க, அந்த நாய் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

லயத்து நாய், தாமான் நாய்

தோட்டத்தில் நாய்க்குப் பட்டை தேவைப்பட்டதில்லை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் ஆளோடு அதுவும் கிளம்பும். பால்மரக் காட்டில் நிரை நிரையாக மங்கு துடைத்து வெட்டிப்போகும் கைக்கு முன்னால் அது ஓடும். இருட்டில் பாம்பை முதலில் பார்ப்பது அதுதான். காட்டுப்பன்றி வந்தால் குரல் கொடுப்பதும் அதுதான். பால் எடுத்து ஸ்டோரில் கொட்டும்வரை நிழலில் படுத்திருந்துவிட்டு வெயில் ஏறியதும் லயத்துக்குத் திரும்பிவிடும். லயத்தின் எல்லா வீட்டுச் சோறும் அதற்குத் தெரியும். எது யார் நாய் என்பது கிராணியிலிருந்து சின்னப் பிள்ளைவரை எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், அதன் கழுத்தில் எதையும் எழுதி மாட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1980, 90களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. சுங்கைப்பட்டாணி நாலா பக்கமும் வீங்கியது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு அந்த வட்டாரத்தின் முகமே மாறிப்போனது. லயத்துக் குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் பெயர்ந்தபோது நாய்களையும் கூட்டிக்கொண்டு வந்தன. பல ஏக்கர் காட்டைச் சுற்றி வந்த பிராணி, இருபதடி முற்றத்தில் இரும்புச் சங்கிலியில் நின்றது. இன்று தாமான்களில் இருக்கும் நாய்கள் பல தலைமுறை தள்ளிப் பிறந்தவை. ஆனாலும் ஓடும் கால், மோப்பம், கூர்மையான தலை, தடித்த கழுத்து எல்லாம் அதே வம்சத்தின் சொத்து.

ஆகவே ஓடுகிற நாயைக் கெட்ட நாய் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கட்டிப்போட்டு, காலையில் அரை மணி நேரம்கூட நடத்திக் கூட்டிப்போகாத வீட்டில் எந்தப் பட்டையும் நிற்காது. கருத்தடை செய்யாத ஆண் நாய் பக்கத்துத் தெருப் பெட்டையின் வாடைக்கே கேட்டைத் தாண்டும். நடையும் கருத்தடையும் முதலில், பட்டை அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் பட்டைக்குக் கொடுக்கும் காசு வீண்.

பட்டை இல்லாத நாய் யாருடையது?

ஊராட்சி மன்றத்தின் கண்ணில் பட்டையும் உரிமத் தகடும் இல்லாமல் தெருவில் நிற்கும் நாய் தெருநாய்தான். அது நேற்றுவரை உங்கள் கட்டிலுக்கடியில் படுத்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அலோர் ஸ்டார் மாநகர் மன்றமோ, சுங்கைப்பட்டாணி, கூலிம் நகராண்மைக் கழகங்களோ, பாலிங், சீக் போன்ற மாவட்ட மன்றங்களோ, நாய் உரிமம் அவற்றின் கையில்தான் இருக்கிறது. உரிமம் எடுத்தால் தரும் தகடு கழுத்தில் தொங்க வேண்டும். பிடிக்க வரும் வண்டிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். எந்த வகை வீட்டுக்கு எத்தனை நாய், பக்கத்து வீட்டார் சம்மதக் கையெழுத்து வேண்டுமா என்பதெல்லாம் மன்றத்துக்கு மன்றம் மாறும். நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கு மாநிலங்களில் இந்தக் கெடுபிடிக்குப் பழைய காரணம் உண்டு. தாய்லாந்து எல்லை பக்கத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டி வெறிநாய்க்கடி நோய் உள்ளே வராமல் தடுக்க, 1955இலேயே பெர்லிஸ், கெடா, பேரா, கிளந்தான் வழியாக 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு தடுப்பு வளையம் போடப்பட்டு, அதற்குள் இருக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. நோய் ஒழிந்தது என்று நாடு நிம்மதியாக இருந்த நேரத்தில், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் அது மறுபடி தலைகாட்டியது. தடுப்பூசி முகாம்கள் ஒரு பக்கம் நடந்தன, தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலை இன்னொரு பக்கம் நடந்தது. பினாங்கில் அப்போதைய முதலமைச்சர் லிம் குவான் எங் தெருநாய்களைக் கொல்ல உத்தரவிட்டதற்கு விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த வாரங்களில் பட்டை கழன்று ஓடிய ஒரு வீட்டு நாயின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தடுப்பூசி போட்டிருந்தது என்று அதால் சொல்ல முடியாது.

பாலித் தீவில் 2008இல் இதே நோய் புகுந்தபோது, தடுப்பூசி போட்ட நாய்களுக்குத் தொண்டர்கள் சிவப்புப் பட்டை கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே எது போட்டது, எது போடாதது என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டு வாசல்

கெடாவில் நாய் வளர்க்கும் தமிழர் எவரும் மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. நம் தாமான்களில் இடது பக்கமோ வலது பக்கமோ ஒரு மலாய்க் குடும்பம் இருக்கும். இந்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழிமுறையில், நாயின் எச்சிலோ ஈரமான நாயின் உடம்போ பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். சமாக், செர்த்து என்று அவர்கள் சொல்வது இதைத்தான். காய்ந்த நாய் காய்ந்த கையில் உரசினால் அந்தக் கழுவல் தேவைப்படாது. ஈரம் இருந்தால்தான் சிக்கல்.

நம் நாய் எப்போது நழுவுகிறது? மழையில், நனைந்த உடம்போடு. இடிக்குப் பயந்து எங்கே ஒதுங்குகிறது? திறந்திருக்கும் முதல் போர்ட்டிகோவில். அங்கே காயப்போட்ட தொழுகைத் துணியில் உடம்பை உதறினால், அந்த வீட்டு அம்மாவுக்கு அன்று எவ்வளவு வேலை, எவ்வளவு மன உளைச்சல்! பல தாமான்களில் நாய்ப் புகார் மன்றத்துக்குப் போவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் நாயை வெறுக்கிறார்கள் என்று நம்மவர்கள் சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. நம் நாய் நம் முற்றத்துக்குள் நிற்க வேண்டியது நம் பொறுப்பு. மழையில் நழுவாத ஒரு பட்டையே அந்தக் குடும்பத்துக்கு நாம் காட்டும் மரியாதை.

அளவுதான் முதல் பூட்டு

நல்ல விலை கொடுத்துப் பட்டை வாங்கியும் நாய் நழுவுகிறது என்றால், பத்தில் ஒன்பது வீட்டில் குற்றம் அளவில்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நாம் கழுத்தின் நடுவில், தோளுக்கு மேலே நாடா வைத்து அளக்கிறோம். அங்கேதான் கழுத்து தடிப்பு. நாய் பின்வாங்கும்போது பட்டை மேலேறி, காதுக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து அதைத் தடுப்பது தாடையும் காதும் மட்டுமே. நம் கம்பத்து நாய்களுக்கு மண்டை குறுகல், கழுத்து தடிப்பு. சதுரத் தலை கொண்ட லாப்ரடோருக்குச் சரியாக நிற்கும் பட்டை இவற்றுக்கு நிற்காது.

எனவே அளவை இப்படி எடுங்கள். நாயைக் குளிப்பாட்டி, ரோமம் ஒட்டியிருக்கும்போதே, காதுக்குச் சற்றுப் பின்னால் தாடைக்கு அடியில் நாடாவைச் சுற்றுங்கள். அதுதான் அசல் கழுத்து. பிறகு தலையின் அகலமான இடத்தையும் சுற்றி அளங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், சாதாரணப் பட்டை உங்கள் நாய்க்கு ஆகாது. அதை எவ்வளவு இறுக்கினாலும், மூச்சுத் திணறாத அளவில் அது கழன்றுதான் வரும்.

இப்படிப்பட்ட நாய்க்கு உகந்தது மார்ட்டிங்கேல் என்ற வகை. கிரேஹவுண்ட் போன்ற சிறுத்த தலை வேட்டை நாய்களுக்காகப் புழக்கத்துக்கு வந்தது இது. கழுத்தைச் சுற்றிப் பெரிய வளையம் ஒன்று. அதன் இரண்டு முனைகளிலும் உலோக வளையங்கள். அந்த இரண்டுக்குள்ளும் ஓடும் சிறிய வளையம் இன்னொன்று, கயிற்றை இதில்தான் மாட்ட வேண்டும். நாய் சும்மா நிற்கும்போது பட்டை தளர்வாகக் கிடக்கும். பின்வாங்கி இழுத்தால் சிறிய வளையம் நீண்டு பெரிய வளையத்தின் இரு முனைகளையும் நெருக்கும். கழுத்தளவுக்கு இறுகியதும் அதற்கு மேல் இறுகாது. அந்த எல்லையை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். முழுதாக இழுபட்ட நிலையில் இரண்டு உலோக வளையங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். அவை ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பட்டை பெரிது என்று அர்த்தம், இனி இறுக இடமில்லை.

சுருக்குச் சங்கிலியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்கு எல்லையே கிடையாது. பயந்து இழுக்கும் நாயின் மூச்சுக்குழாயை அது நசுக்கிவிடும். அதைக் கடைகளில் இன்னும் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

மார்ட்டிங்கேலுக்கும் ஒரு விதி உண்டு. நீங்கள் கூட இருக்கும்போது மட்டுமே அது கழுத்தில் இருக்க வேண்டும். தனியாக விட்ட நாயின் சிறிய வளையம் கேட்டுக் கம்பியிலோ வேலியிலோ மாட்டினால் தூக்காகிவிடும். முற்றத்தில் இருக்கும் நேரத்துக்குத் தட்டையான பட்டை ஒன்றும், வெளியே போகும்போது மார்ட்டிங்கேலும் என்று இரண்டு வைத்திருப்பது நல்லது. தகடு எப்போதும் கழுத்தில் இருக்கும் பட்டையில்தான் இருக்க வேண்டும்.

ஈரத்தில் எது நிற்கும்?

தோல் பட்டை அழகு, கெடா மழைக்கு அது ஆகாது. நனைந்தால் நீளும், காய்ந்தால் விறைத்து வெடிக்கும். நடுவில் பச்சைப் பூஞ்சை பிடிக்கும், தையல் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். நூல் பட்டை அதைவிட மோசம். இரவுச் சந்தைகளில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் நைலான் பட்டையைப் பெரும்பாலோர் வாங்குகிறோம். அதன் இழை நீரை உறிஞ்சும், ஈரத்தில் கொஞ்சம் நீண்டும் கொடுக்கும், அளவைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வளையம் வழுக்கும். காலையில் வைத்த அளவு மாலையில் இல்லாமல் போவதற்கு ரோமம் பாதிக் காரணம் என்றால், நைலான் மீதிக் காரணம். பாலியஸ்டர் இழை அதைவிட மிகக் குறைவாகவே நீரை ஏற்கும்.

இங்கே உண்மையில் உதவுவது பூச்சுப் பட்டை. உள்ளே பாலியஸ்டர் நாடா, மேலே பிளாஸ்டிக் பூச்சு. அமெரிக்காவின் ஒஹாயோவில் தயாராகும் பயோதேன் இதில் பேர்பெற்றது, குதிரை வார்களுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் உள்ளே போகாது. சேற்றில் புரண்டு வந்தாலும் துடைத்தால் போதும், நாற்றம் பிடிக்காது. ஷோப்பியிலும் லசாடாவிலும் அதே பெயரில் போலிகள் நிறைய வருகின்றன. வாங்கியதும் வெட்டிய முனையைப் பாருங்கள். நடுவில் நெய்த நாடா தெரிய வேண்டும். வெறும் பிளாஸ்டிக்காகவோ பஞ்சாகவோ இருந்தால் வெயிலில் சில மாதங்களில் வெடித்துவிடும். பட்டையை நன்றாக மடித்துப் பாருங்கள், மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பட்டை அறுந்து ஓடும் நாயைவிடக் கொக்கி உடைந்து ஓடும் நாய்தான் அதிகம். பக்கவாட்டில் அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் மொறுமொறுத்துப்போகும். பள்ளிப்பை வாரில் இருக்கும் அதே பொருள்தான் அது. ஓடும் நாய்க்கு, இடுப்பு வார்போலத் துளையில் முள் நுழையும் உலோகக் கொக்கியே சரி. உலோகத்திலும் ஏமாற்று உண்டு. பளபளவென்று முலாம் பூசிய துத்தநாக வார்ப்பு, ஒரு பெரிய இழுப்பில் முறிந்துவிடும். பித்தளையோ எவர்சில்வரோ கேளுங்கள். காந்தத்தை வைத்தால் இரும்பு மட்டும் காட்டிக்கொடுக்கும், துத்தநாகம் ஒட்டாமல் தப்பித்துக்கொள்ளும். ஆகவே கையில் எடுத்துக் கனம் பார்க்க வேண்டும், உள்விளிம்பைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி நிறம் பார்க்க வேண்டும். கயிறு மாட்டும் வளையத்தின் பொருத்து பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். வெறுமனே வளைத்துவிட்ட கம்பி இழுக்க இழுக்கத் திறந்துகொள்ளும். கோலக் கெடா, தஞ்சோங் டாவாய், லங்காவி என்று உப்புக் காற்றில் இருப்பவர்கள் 316 என்ற தர எண் கொண்ட எவர்சில்வர் தேடினால் துரு எளிதில் நெருங்காது. உள்ளூர்களுக்கு 304 போதும்.

தொலைபேசி எண்ணைத் தொங்கும் வில்லையில் பொறிக்காமல், பட்டையோடு தறைந்த தகட்டில் பொறியுங்கள். வில்லை செம்பனைக் காட்டில் முதல் நாளே விழுந்துவிடும். நாயின் பெயர் வேண்டியதில்லை. கண்டெடுப்பவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் எண் எல்லாருக்கும் புரியும்.

பட்டைக்கு அடியில்

நனையாது என்பதற்காகப் பூச்சுப் பட்டையை மாதக்கணக்கில் கழற்றாமல் விடுவது பெரிய தவறு. பட்டை நனையாவிட்டாலும் அதன் அடியில் இருக்கும் தோல் நனைகிறது. காற்றுப் படாமல் வெந்துபோய், சிவந்து, ரோமம் கொட்டி, ஈரப்புண் வைக்கிறது. நம் நாட்டில் அந்தப் புண்ணை ஈ விடாது. உயிருள்ள சதையைத் தின்னும் புழு வைக்கும் ஈ மலேசியாவில் நிரந்தரமாக இருக்கிறது. தோட்டப்புறங்களில் கழுத்தைச் சுற்றிப் புழுவைத்துக் கிடக்கும் நாயைப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. வாரம் இருமுறையாவது பட்டையைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி ஒளியும் இடமும் அதுதான்.

குட்டிக்குப் போட்ட பட்டையைக் குட்டி வளர வளரத் தளர்த்தாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. கயிறோ கம்பியோ சதைக்குள் புதைந்து, அறுவை செய்து எடுக்க வேண்டியதாகிவிடும். விலங்கு நலச் சட்டம் 2015, 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கொடுமைக் குற்றத்துக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளிவரை அபராதம், அல்லது 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். கவனக்குறைவால் நடந்தது என்று சொன்னால் நாயின் கழுத்துக்கு வலி குறையாது.

பட்டையை மட்டும் நம்ப முடியாத நாய்களும் உண்டு. இடிச் சத்தத்துக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிடும் நாய்க்கு மார்புப் பட்டையையும் சேர்த்துப் போட்டு, இரண்டையும் ஒரு சிறு வாரால் இணைத்துவிட வேண்டும். ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடிக்கும். மார்புப் பட்டையிலும் இரண்டு சுற்று உள்ளதிலிருந்து கெட்டிக்கார நாய் பின்பக்கமாக உருவிக்கொள்ளும். விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கும் இடத்தைச் சுற்றும் மூன்றாவது பட்டை உள்ளதை வாங்குங்கள். மார்பு அதைவிட அகலம் என்பதால் அந்தச் சுற்று தாண்டி வராது.

கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. தோலுக்கடியில் கால்நடை மருத்துவர் செலுத்தும் அரிசி அளவு சில்லு 15 இலக்க அடையாள எண்ணைத்தான் வைத்திருக்கும், நாய் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. ஆனால் எந்த மழையிலும் கழன்று விழாது. ஜிபிஎஸ் கருவிக்குத் தொலைபேசி அலை வேண்டும், ஏர்டேக் போன்றவற்றுக்கு அருகில் ஐபோன் வைத்திருப்பவர் வேண்டும். சீக் பக்கத்துச் செம்பனைக் காட்டில் இரண்டும் கைவிடக்கூடும்.

ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள், துரத்தினால் அது இன்னும் தூரம் போகும். தெரிந்த குரலில் கூப்பிட்டபடி, அது வழக்கமாக நடக்கும் பாதையில் சோற்றுத் தட்டோடு போங்கள். வெடிச் சத்தத்துக்கு ஓடிய நாய் பெரும்பாலும் அருகிலேயே சாக்கடைக் குழாயிலோ நிறுத்திய லோரிக்கு அடியிலோ பதுங்கியிருக்கும். இரவு அடங்கியதும் தேடினால் கிடைக்கும். மறுநாள் காலை மன்றத்தின் பிடிப்பகத்துக்கு உரிமச் சீட்டோடும் தடுப்பூசி அட்டையோடும் நேரில் போங்கள். தொலைபேசியில் கேட்டால் எல்லாப் பழுப்பு நாயும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

யாரையாவது கடித்திருந்தால் எதையும் மறைக்காதீர்கள். கடிவாயை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வைத்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வெறிநாய்க்கடி, அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய காப்பாற்றவே முடியாத நோய். கால்நடைச் சேவைத் துறைக்கும் சொல்லி, நாயைக் கண்காணிப்பில் வையுங்கள். ஆண்டுதோறும் போட்ட தடுப்பூசியின் அட்டை அப்போதுதான் உங்களுக்கும் கடிபட்டவருக்கும் கைகொடுக்கும்.

தானாகத் திரும்பி வந்த நாயை அடிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தால் அடி விழும் என்று அது கற்றுக்கொண்டால் அடுத்த முறை வராது. துடைத்துவிட்டு, உண்ணியும் காயமும் பார்த்து, சோறு வையுங்கள். நழுவிய அதே பட்டையை அதே துளையில் மாட்டாதீர்கள். அன்றிரவே நாடாவை எடுத்துப் புதிதாக அளந்து, ஒரு துளை இறுக்குங்கள், அல்லது வேறு பட்டை வாங்கும்வரை மார்புப் பட்டையில் வையுங்கள். பின்வாங்கினால் கழன்று வரும் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட நாய், மறுநாளே அதை முயன்று பார்க்கும்.